பொம்பா தலைவர்கள் வந்த வழி: கோலாலம்பூர் 1883 முதல் இன்று வரை



வரலாற்றுப் பாடத்தில் ‘நிர்வாக வளர்ச்சி’ என்ற தலைப்பு வந்தாலே வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். ரெசிடண்ட் முறை, கூட்டரசு, மலாயன் யூனியன், 1948 கூட்டரசு ஒப்பந்தம் என்று ஆண்டுகளை மனப்பாடம் செய்வதோடு அந்தப் பாடம் முடிந்துவிடுகிறது. ஒரு மாற்று வழி சொல்கிறேன். நாடு முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்காமல், ஒரே ஒரு துறையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தலைமை நாற்காலியில் யார் உட்கார்ந்தார், எந்த வழியாக அங்கே வந்தார் என்று மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். பாடநூலில் இருக்கும் காலக்கோடு அப்படியே கண்முன் எழுந்து நிற்கும்.

நான் எடுத்துக்கொண்டது தீயணைப்புத் துறை. நம்ம ஊர் வழக்கில் சொன்னால் பொம்பா. இந்தச் சொல்லே ஒரு வரலாற்றுச் சான்றுதான். போர்த்துகீசிய மொழியில் ‘பொம்பா’ என்றால் பம்பு. அது மலாய் மொழிக்குள் வந்து தீயணைப்புப் படைக்கே பெயராகி, அங்கிருந்து நம் பேச்சுத் தமிழுக்கும் வந்துவிட்டது.

கட்டுரை முழுவதும் ஒரே கேள்வியைப் பின்தொடரும்: ஒரு நகரம் தன் தீயை யாரை நம்பி ஒப்படைத்தது? 1883-இல் கிடைத்த பதில் வேறு, இன்றைய பதில் வேறு. இந்த மாற்றம் நம் மாணவர்களின் எதிர்காலத்தோடும் தொடர்புடையது. அதை முடிவில் பார்ப்போம்.

1. தீயும் செங்கல்லும்

1880-இல் சிலாங்கூரின் நிர்வாகத் தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. அன்றைய கோலாலம்பூர் என்றால் மரமும் அத்தாப்புக் கூரையும் நெருக்கியடித்து நின்ற ஒரு சுரங்க ஊர். 1881 ஜனவரியில் ஒரு பெரும் தீ அந்த ஊரைத் தின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம். ஒரே ஆண்டில் இரண்டு அடி.

1882-இல் ரெசிடண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்ற திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். செங்கல் வேண்டுமே, எங்கே போவது? நகருக்குத் தெற்கே இருந்த களிமண் நிலத்தில் சூளைகள் எழுந்தன. பின்னாளில் கப்பித்தானாக இருந்த யாப் குவான் செங்கின் பெயர் இந்தச் சூளைகளோடு சேர்ந்து பேசப்படுகிறது. அந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். இன்று லிட்டல் இந்தியா என்று நாம் பூ வாங்கவும் புடவை வாங்கவும் போகிற பிரிக்பீல்ட்ஸின் பெயர், தீக்குப் பயந்து ஒரு நகரம் செங்கல்லுக்கு மாறிய கதையைத் தாங்கி நிற்கிறது. அடுத்த முறை மாணவர்களை அங்கே அழைத்துப் போனால் இதைச் சொல்லுங்கள்.

செங்கல் ஒரு பாதி வேலை. தீப்பிடித்தால் அணைப்பது யார்?

2. முதல் வழி: பொறியாளரின் பகுதிநேர வேலை

1883-இல் சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படை அமைந்தது. மலேசியத் தீயணைப்பு மீட்புத் துறை தன் வரலாற்றை இந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. படைக்குத் தலைவர் எச்.எஃப். பெல்லமி. ஆட்கள் 15 பேர்.

பெல்லமி யார்? பொதுப்பணித் துறைக்காரர். சாலை, கட்டடம், நீர் என்று பார்த்துக்கொண்டிருந்தவர். தீயணைப்பு அவருடைய தொழில் அல்ல; கூடுதலாகத் தோளில் ஏறிய பொறுப்பு. ‘தன்னார்வம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். சம்பளம் வாங்கும் முழுநேரத் தீயணைப்பாளர் என்று ஒரு வகை ஆளே அப்போது இங்கே கிடையாது. மணி அடித்தால் அவரவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டும்.

ஏன் ஒரு பொதுப்பணிப் பொறியாளர்? யோசித்துப் பாருங்கள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எந்தச் சுவர் நிற்கும், எது விழும் என்று தெரியும். வேலையாட்களைத் திரட்டி ஆணையிடப் பழகியவர். அதோடு அவர் ஐரோப்பியர்; ரெசிடண்ட் நிர்வாகத்தின் நம்பிக்கைக்கு உரியவர். ஆக, திறமை ஒரு காரணம் என்றால் ஆட்சிமுறை இன்னொரு காரணம். படிவம் மூன்றில் நீங்கள் படிக்கும் ரெசிடண்ட் முறை, 15 பேர் கொண்ட ஒரு சின்னப் படைக்குள்ளும் வேலை செய்வதைப் பார்க்கலாம். முடிவெடுக்கும் பதவி பிரிட்டிஷ் அதிகாரியிடம், உள்ளூர்க்காரருக்கு அதற்குக் கீழே இடம்.

பெல்லமியின் பெயரில் கோலாலம்பூரில் இன்னும் ஒரு சாலை இருக்கிறது. பழைய அரண்மனைக்குப் பின்புறம் உள்ள ஜாலான் பெல்லமி. சுட்ட மீன் கடைகளுக்குப் பெயர்பெற்ற இடம். மீன் சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், அந்தப் பெயர் நாட்டின் முதல் தீயணைப்புத் தலைவருடையது என்று?

அதே 1883-இல் உலகின் மறுபக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். லண்டன் தீயணைப்புப் படைக்கு அப்போது தலைவர் ஐர் மாசி ஷா. இராணுவத்தில் கேப்டனாக இருந்து, பெல்ஃபாஸ்ட் நகரில் காவலையும் தீயணைப்பையும் சேர்த்துப் பார்த்தவர். 1861 முதல் 1891 வரை லண்டனில் தலைமை வகித்தார். கயிறு ஏறவும், இரவு பகல் பாராமல் காவல் நிற்கவும், ஆணைக்குக் கீழ்ப்படியவும் பழகியவர்கள் என்பதால் கடலோடிகளைத்தான் அவர் அதிகம் விரும்பிச் சேர்த்தார்.

அவருக்கு முன் இருந்த ஜேம்ஸ் பிரெய்ட்வுட் வேறு மாதிரி. கட்டடத் தொழில் தெரிந்தவர். 1824-இல் எடின்பரோ நகரப் படைக்குத் தலைவராகி, பிறகு லண்டனுக்கு வந்தவர். எடின்பரோவில் தன் ஆட்களை ஓடு வேய்பவர், கொத்தனார், தச்சர் போன்றவர்களிலிருந்து எடுத்தார். 1861-இல் டூலி தெரு தீயில் சுவர் இடிந்து விழுந்து அவர் இறந்துபோனார்.

ஆக, இரண்டு மரபுகள். கட்டடம் தெரிந்தவர் தலைவராக வருவது ஒன்று. கட்டுப்பாடு தெரிந்த சீருடைக்காரர் வருவது மற்றொன்று. கோலாலம்பூர் முதலில் எடுத்தது கட்டடம் தெரிந்தவரை. இந்த இரண்டு மரபுகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க மாறி மாறி வரும்.

3. இரண்டாம் வழி: முழுநேர அதிகாரி

நகரம் வளர்ந்தது. 1890-இல் கோலாலம்பூருக்குச் சுகாதார வாரியம் வந்தது. 1896-இல் கூட்டரசு மலாய் மாநிலங்கள் உருவாகி, கோலாலம்பூர் அதன் தலைநகரானது. ரயில் வந்தது, கிடங்குகள் வந்தன, 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. இன்று நாம் கிள்ளான் துறைமுகம் என்று சொல்வது அதைத்தான். 1972-இல்தான் பெயர் மாறியது. ரப்பர், ஈயம், எண்ணெய் என்று எரியக்கூடிய சரக்கும் விலையுயர்ந்த சரக்கும் ஒரே இடத்தில் குவிந்தன.

இப்படி ஒரு நகரத்துக்குப் பகுதிநேரத் தலைவர் போதாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கோலாலம்பூர் படைக்கு முழுநேரத் தலைவராக கேப்டன் சார்ல்ஸ் கெயர் வந்தார். துறையின் வரலாற்றில் அவருக்குத் தனி இடம் உண்டு, ஏனெனில் தீயணைப்பையே தொழிலாகக் கொண்ட அதிகாரி என்ற நிலை அவரோடுதான் இங்கே வேரூன்றுகிறது. பெல்லமிக்குத் தீயணைப்பு இரண்டாவது வேலை என்றால், கெயருக்கு அதுதான் வேலை.

கிள்ளானிலும் இந்தக் காலத்தின் அடையாளம் நிற்கிறது. தென் கிள்ளானில் உள்ள பழைய தீயணைப்பு நிலையக் கட்டடம் காலனித்துவக் காலத்தது. கிள்ளானில் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது கையெட்டும் தூரத்தில் உள்ள வரலாற்றுப் பாடம். பள்ளிப் பேருந்து கூட வேண்டாம், சில பள்ளிகளிலிருந்து நடந்தே போய்விடலாம்.

ஆனால் ஒன்று: வேலை தொழிலாக மாறியதே தவிர, தலைமைக்குப் போகும் கதவு உள்ளூர்க்காரருக்கு இன்னும் திறக்கவில்லை. தலைவர் என்றால் வெளியிலிருந்து வரும் ஐரோப்பியர் என்பதே நடைமுறை. மாணவர்களே, ‘மாற்றமும் தொடர்ச்சியும்’ என்று கேள்வி கேட்பார்களே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். மாறியது தலைவரின் தொழில்; தொடர்ந்தது, அவர் எங்கிருந்து வர வேண்டும் என்ற விதி.

4. மூன்றாம் வழி: ஊருக்கு ஊர் ஒரு படை

ஜப்பானிய ஆட்சிக்குப் பின் 1946-இல் மலாயன் யூனியன் வந்தபோது, தீயணைப்புச் சேவையையும் மத்தியில் ஒன்றாக்கும் முயற்சி நடந்தது. யூனியன் நிலைக்கவில்லை. 1948 கூட்டரசு ஒப்பந்தத்துக்குப் பின் பொறுப்பு மீண்டும் மாநிலங்களிடமும் நகர நிர்வாகங்களிடமும் போனது. பாடநூலில் ‘மத்திய அரசு, மாநில அரசு அதிகாரப் பங்கீடு’ என்று வறட்சியாக இருக்கும் தலைப்பு, தீயணைப்பு நிலைய வாசலில் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இதனால் ஒரு அதிகாரியின் வாழ்க்கைப் பாதை எப்படி ஆனது? ஒரு நகரப் படையில் சேர்ந்தவருக்கு அந்த நகரமே எல்லை. அங்கே மேல்பதவி காலியானால்தான் உயர்வு. பணக்கார நகரத்தின் படைக்கு நல்ல வண்டி, நல்ல பயிற்சி. சின்ன ஊர்ப் படைக்கு உள்ளதை வைத்து ஓட்ட வேண்டிய நிலை. சுதந்திரத்துக்குப் பின் அரசாங்கத் துறைகள் படிப்படியாக மலேசியமயமானபோது தலைமை உள்ளூர்க்காரர் கைக்கு வந்தது. ஆனால் ஏணி இன்னும் குட்டையாகவே இருந்தது.

கோலாலம்பூர் 1972 பிப்ரவரி 1-இல் மாநகரானது. 1974 பிப்ரவரி 1-இல் கூட்டரசுப் பிரதேசமானது. உயர்ந்த கட்டடங்கள் எழுந்தன. பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் என்று பள்ளத்தாக்கு முழுவதும் தொழிற்சாலைகள் பரவின. தீ நகராண்மை எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்காது. ஊருக்கு ஊர் தனிப் படை என்ற முறை இந்த வளர்ச்சிக்குத் தாக்குப்பிடிக்கவில்லை.

5. நான்காம் வழி: உள்ளேயிருந்து மேலே

1976 ஜனவரி 1 என்ற தேதியை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து தீயணைப்புச் சேவைகள் மத்திய அரசின் கீழ் வந்தன. வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு பொறுப்பேற்றது. 1988-இல் தீயணைப்புச் சேவைச் சட்டம், அதாவது சட்டம் 341, இயற்றப்பட்டது. 1997-இல் துறையின் பெயரில் ‘மீட்பு’ என்ற சொல் சேர்ந்தது. இன்று தலைமையகம் புத்ராஜெயாவில். கோல குபு பாருவில் பயிற்சிக் கல்லூரி.

ஏணி இப்போது நாடு முழுவதற்கும் நீண்டது. கிள்ளானில் தொடங்கியவர் கோத்தா பாருவில் நிலையத் தலைவராகலாம், வேறொரு மாநிலத்துக்கு இயக்குநராகலாம், புத்ராஜெயாவில் ஒரு பிரிவை நடத்தலாம், அங்கிருந்து தலைமை இயக்குநர் நாற்காலிக்குப் போகலாம்.

அண்மைக் காலத் தலைமை இயக்குநர்களின் பெயர்களைப் பார்ப்போம். பட்டங்கள் அவ்வப்போது மாறுவதால் பெயர்களை மட்டும் தருகிறேன். 1990-களில் சோ சாய் ஹோக். பிறகு வந்தவர்களில் ஹம்சா அபு பாக்கார், வான் முகமட் நோர் இப்ராஹிம், 2018-இல் பொறுப்பேற்ற முகமட் ஹம்டான் வாஹிட், அவருக்குப் பின் அப்துல் வஹாப் மாட் யாசின், அடுத்து நோர் ஹிஷாம் முகமட். அப்துல் வஹாப் தலைமைக்கு வருமுன் துணைத் தலைமை இயக்குநராக இருந்தவர். நோர் ஹிஷாம் செயலாக்கப் பிரிவுக்கு இயக்குநராக இருந்தவர். அதாவது சம்பவ இடத்துக்குப் படையை அனுப்பும் பொறுப்பில் இருந்து வந்தவர்கள். காவல்துறையிலிருந்தோ இராணுவத்திலிருந்தோ தலைவரைக் கொண்டுவந்து வைக்கும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. சோ சாய் ஹோக்கின் பெயரையும் கவனியுங்கள்: மலாய்க்காரர் அல்லாத ஒருவர் உச்சிப் பதவிக்குப் போயிருக்கிறார்.

உள்ளேயிருந்து மேலே வரும் முறைக்கு ஒரு விலையும் உண்டு. பட்டதாரியாக இருபதுகளின் நடுவில் சேர்ந்தவர் படிப்படியாக ஏறி உச்சிக்கு வரும்போது வயது 55-ஐத் தாண்டிவிடும். கட்டாய ஓய்வு 60. ஆக, தலைவருக்குக் கிடைப்பது சில ஆண்டுகள்தான். நீண்டகாலத் திட்டம் போடுகிறவர் அது முடிவதைப் பதவியில் இருந்து பார்ப்பது அரிது. ஷா லண்டனில் 30 ஆண்டுகள் இருந்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

6. பேரிடர்கள் கேட்ட தகுதி

தலைவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சட்டம் மட்டும் முடிவுசெய்யவில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் நடந்த துயரங்களும் முடிவுசெய்தன.

1991 மே 7. சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்ளர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ மூண்ட பின் அணைப்பதைவிட, மூளும் முன்பே அந்த இடத்தைச் சோதிப்பது முக்கியம் என்ற பாடம் எல்லாருக்கும் உறைத்தது.

1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தனர். அங்கே தீயே இல்லை. இடிபாட்டுக்குள் ஆளைத் தேடும் வேலை. அதற்குப் பின்தான் காவல், இராணுவம், தீயணைப்பு மூன்றையும் சேர்த்து ஸ்மார்ட் என்ற சிறப்பு மீட்புப் படை உருவானது. 1997-இல் பெயரில் ‘மீட்பு’ சேர்ந்ததை இதோடு சேர்த்துப் படியுங்கள். துறையின் பெயர் மாறினால் தலைவரிடம் எதிர்பார்க்கும் அனுபவமும் மாறும்.

2018 அக்டோபர் 3. பூச்சோங் அருகே ஒரு பழைய ஈயக் குட்டையில் விழுந்த இளைஞரைத் தேட இறங்கிய நீர் மீட்புப் படையினர் ஆறு பேர் நீரோட்டத்தில் சிக்கி உயிரிழந்தனர். துறையின் வரலாற்றில் மறக்க முடியாத நாள் அது. ‘இறங்கு’ என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் அந்த நீரைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்வி அதன் பிறகு எந்தப் பதவி உயர்வுப் பேச்சிலும் ஒதுக்க முடியாததாகிவிட்டது.

2025 ஏப்ரல் 1. நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலை, புத்ரா ஹைட்ஸில் நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்து வானுயரத் தீ எழுந்தது. இங்கே தண்ணீர் பீய்ச்சி அணைக்க முடியாது. குழாயின் வால்வுகளை மூடி, உள்ளே இருக்கும் வாயு எரிந்து தீரும்வரை சுற்றியுள்ள மக்களைக் காப்பாற்ற வேண்டும். பிற்பகலில்தான் தீ அடங்கியது. எப்போது காத்திருக்க வேண்டும் என்று தெரிவதும் தலைமைத் தகுதிதான்.

இன்னொன்றும் பார்க்கணும். சட்டம் 341-இன்படி, குறிப்பிட்ட வகைக் கட்டடங்களுக்குத் தீயணைப்புச் சான்றிதழ் தருவது தலைமை இயக்குநரின் பொறுப்பு. தப்பிக்கும் வழி, தெளிப்பான், புகை வெளியேற்றம் என்று கட்டட வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். அதனால் மூத்த அதிகாரிகளில் பொறியியல் படித்தவர்களுக்கு மதிப்பு கூடியது. பெல்லமியோடு போய்விட்டது என்று நினைத்த பொறியாளர் மரபு, சட்டத்தின் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அவர் சீருடையும் போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

7. தமிழ்நாட்டில் வேறு வழி

இதுவே ஒரே வழி என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்நாடு தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையைப் பாருங்கள். அங்கே உச்சிப் பதவிக்கு வருபவர் ஐ.பி.எஸ். அதிகாரி. நம்மில் பலருக்குப் பேச்சுகள் மூலம் அறிமுகமான சைலேந்திர பாபு, தமிழகக் காவல்துறைத் தலைவர் ஆவதற்கு முன் தீயணைப்புத் துறைக்குத் தலைமை வகித்தவர். இது ஷாவின் மரபு: கட்டுப்பாடு தெரிந்த சீருடைக்காரரை வெளியிலிருந்து கொண்டுவருவது.

இதில் நன்மை இருக்கிறது. அரசிடம் பணம் கேட்டு வாங்கும் செல்வாக்கும், பெரிய நிர்வாகத்தை நடத்திய பழக்கமும் அவரோடு வரும். குறையும் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் தீயோடு போராடிய அதிகாரிக்கு அந்தக் கடைசிப் படி எட்டாது.

அதற்கு அடுத்த படிகளுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு கதவு உண்டு. அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வு. 2003-இல் அந்தக் கதவு வழியாக மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் என்ற இரண்டு பெண்கள் தீயணைப்பு அதிகாரிகளாக நுழைந்தார்கள். இந்தியாவில் இந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்களில் இவர்களும் உண்டு. 2012 ஜனவரியில் சென்னை எழிலகம் வளாகத்துக் கட்டடத்தில் தீப்பிடித்தபோது உள்ளே சென்ற பிரியா பலத்த தீக்காயம் அடைந்தார். அதே சம்பவத்தில் ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். பிரியாவுக்கு வீரப் பதக்கம் கிடைத்தது. பிற்பாடு ஐ.ஏ.எஸ். தகுதியும் பெற்றார். தேர்வு எழுதி வந்தவர் களத்துக்கு லாயக்கு இல்லை என்று யாராவது சொன்னால் இந்த ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

உள்ளேயிருந்து வந்தவர் என்றால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. லண்டனில் டேனி காட்டன் 1988-இல் 18 வயதில் தீயணைப்பாளராகச் சேர்ந்து, 2017-இல் அந்தப் படையின் முதல் பெண் ஆணையரானார். உள்வழி ஏணிக்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாது. ஆனால் அதே 2017 ஜூன் 14-இல் கிரென்ஃபெல் அடுக்குமாடி எரிந்து 72 பேர் இறந்தார்கள். ‘வீட்டுக்குள்ளேயே இருங்கள்’ என்ற பழைய அறிவுரையைப் படை நெடுநேரம் மாற்றவில்லை என்று விசாரணை 2019-இல் கடுமையாகச் சொன்னது. அந்த ஆண்டின் இறுதியில் அவர் பதவி விலகினார். ஒரு துறைக்குள்ளேயே வளர்ந்தவருக்கு அந்தத் துறையின் பழக்கங்கள் இயல்பாகத் தெரியும். அதனாலேயே அவற்றைச் சந்தேகிப்பது கடினமாகவும் இருக்கும். தேர்வில் ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்டால் இரு பக்கத்தையும் எழுதுங்கள்.

8. நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

இப்போது தொடக்கத்தில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். சீருடைப் பணிகளில் இந்திய இளைஞர்கள் குறைவு என்ற பேச்சு நம் வீடுகளில் பழகிப்போன ஒன்று. ‘அங்கெல்லாம் நமக்கு இடமில்லப்பா’ என்று விண்ணப்பம் போடுமுன்பே முடிவு சொல்லிவிடுகிறோம். வரலாறு கொஞ்சம் நிதானமாகப் பேசுகிறது. 1883-இல் கதவு உண்மையிலேயே மூடியிருந்தது. எவ்வளவு திறமை இருந்தாலும் உள்ளூர்க்காரர் தலைவராக முடியாது. இன்று கதவுக்கு எழுதிவைத்த தகுதிகள் இருக்கின்றன. அவை நடைமுறையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்கின்றனவா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை வலுவாகக் கேட்க, முதலில் விண்ணப்பித்தவர்களின் வரிசை நீளமாக இருக்க வேண்டும்.

கதவுகள் மூன்று.

முதலாவது, எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு. தீயணைப்பு அதிகாரி என்ற அடிப்படைப் பதவி. பழைய கணக்கில் கிரேடு 19.

இரண்டாவது, எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா முடித்தவர்களுக்கு. பழைய கிரேடு 29.

மூன்றாவது, பட்டதாரிகளுக்கு. பழைய கிரேடு 41. மூத்த தலைமைக்குப் போகிறவர்களுக்கு நேர்வழி இது.

2024 டிசம்பரில் பொதுச்சேவைச் சம்பள முறை மாறியபின் கிரேடு எண்கள் மாறியிருக்கின்றன. ஆகவே விண்ணப்பிக்கும்போது புதிய எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். முதல் கதவில் நுழைந்தவர் அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதில்லை. வேலை செய்துகொண்டே படித்துத் தகுதி பெற்று மேல்பதவிக்கு விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தகுதியோடு உயரம், எடை, உடற்தகுதிச் சோதனையும் உண்டு. தேசிய மொழியில் நல்ல தேர்ச்சி அவசியம்.

இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களே, உங்கள் பள்ளியில் தீயணைப்பு மீட்பு கேடட் இயக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் மாணவர்களை அங்கே அனுப்புங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களிடமே இந்தப் பெயரைச் சொல்லிவைக்கலாம். 13 வயதில் குழாயைப் பிடித்துப் பார்த்த பிள்ளைக்கு 18 வயதில் விண்ணப்பம் அந்நியமாகத் தெரியாது.

9. தேர்வுக்கும் வகுப்புக்கும்

*காலக்கோடு:*

1880 – தலைநகர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு.
1881 – கோலாலம்பூர் தீயும் வெள்ளமும்.
1883 – சிலாங்கூர் தன்னார்வத் தீயணைப்புப் படை.
1896 – கூட்டரசு மலாய் மாநிலங்கள்.
1946, 1948 – மலாயன் யூனியன், கூட்டரசு ஒப்பந்தம்.
1976 – சேவைகள் மத்திய அரசின் கீழ்.
1988 – தீயணைப்புச் சேவைச் சட்டம்.
1993 – ஹைலண்ட் டவர்ஸ்.
1997 – பெயரில் ‘மீட்பு’.

*பயிற்சிக் கேள்விகள்:*

1. 1883-இல் ஒரு பொதுப்பணித் துறை அதிகாரி தீயணைப்புப் படைக்குத் தலைவரானதற்கு இரண்டு காரணங்களை விளக்குக. (குறிப்பு: திறமை சார்ந்த காரணம் ஒன்று, ஆட்சிமுறை சார்ந்தது ஒன்று. இரண்டும் திறமை பற்றியே இருந்தால் விடை அரைகுறை.)

2. 1976-இல் சேவைகள் மத்திய அரசின் கீழ் வந்தது அதிகாரிகளின் பதவி உயர்வை எவ்வாறு மாற்றியது? (குறிப்பு: நகர எல்லை, மாற்றல், ஒரே மாதிரிப் பயிற்சி.)

3. ஒரு தீயணைப்புத் துறைக்குத் தலைவர் உள்ளேயிருந்து வருவது நல்லதா, வெளியிலிருந்து வருவது நல்லதா? மலேசியா, தமிழ்நாடு, லண்டன் உதாரணங்களோடு விவாதிக்க. (குறிப்பு: உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி. ஒரு பக்கம் நின்று முடிவு சொல்லுங்கள். ஆனால் எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம் ஒன்றுக்காவது பதில் எழுதுங்கள்.)

எஸ்.பி.எம். எழுதுகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். புள்ளி முதலில் பாடநூல் கருத்துக்குத்தான். ரெசிடண்ட் முறை என்றால் என்ன என்பதை எழுதிவிட்டு, பெல்லமியை உதாரணமாகக் கொண்டுவாருங்கள். உதாரணம் மட்டும் எழுதிவிட்டுக் கருத்தை விட்டுவிட்டால் பயன் இல்லை.

வகுப்பில் செய்ய ஒரு சின்ன வேலை: மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் இந்தக் கட்டுரையின் ஒரு வழியைக் கொடுங்கள். ‘உன் காலத்தில் தலைவர் பதவிக்கு விளம்பரம் எழுது; யார் விண்ணப்பிக்கலாம், யார் கூடாது?’ என்று கேளுங்கள். 1883 குழு எழுதும் விளம்பரத்தையும் இன்றைய குழு எழுதும் விளம்பரத்தையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு, இன்றைய விளம்பரத்தின் தகுதிகளில் எது உன்னிடம் இருக்கிறது, எதை இனிமேல் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு மாணவரையும் தன் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.